மரம் தண்ணீரை மேலே ஏற்றுவது எப்படி? சைலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரத்துக்குள் நீரைக் கொண்டுசெல்லும் திசுவான சைலம் குறித்து மாணவர்களும் தோட்டக்காரர்களும் தென்னை விவசாயிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் சில செய்திகளுக்கு இங்கே சற்றுக் கூடுதலாக இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

வேர்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறதா?

இல்லை. பெரும்பாலான தாவரங்களில், பகல் நேரம் முழுவதும், வேர் தள்ளுவதில்லை; இலை இழுக்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை, இலைக்காம்பு, கிளை, அடிமரம், வேர் என்று தொடர்ச்சியாக நிற்கும் நீர்த்தம்பத்தின் வழியே மண்வரை கடத்தப்படுகிறது. கிணற்றில் வாளியை மேலே கொண்டுவருவது கயிற்றின் இழுப்பே தவிர, அடியிலிருந்து யாரும் தள்ளுவதில்லை. சைலத்திலுள்ள நீரும் ஏறக்குறைய அந்தக் கயிற்றின் நிலையில்தான், விறைப்பாக இழுபட்டபடி இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த இழுப்புக்குத் தாவரம் தன் சேமிப்பிலிருந்து ஆற்றல் எதையும் செலவிடுவதில்லை என்பதே. நீரை ஆவியாக்கும் வெப்பம் சூரியனிடமிருந்து வருகிறது. அந்த ஆவியை ஏற்றுக்கொள்ளும் வறட்சி காற்றில் இருக்கிறது. தாவரம் செய்வதெல்லாம், ஈரமான மண்ணுக்கும் உலர்ந்த காற்றுக்கும் இடையே அறுபடாத ஒரு நீர்ப்பாதையை அமைத்து, அதன் மேல்முனையில் திறந்து மூடக்கூடிய இலைத்துளைகளை வைத்திருப்பதுதான்.

சைலம் எதனால் ஆனது? செத்த செல்கள் எப்படி வேலை செய்யும்?

சைலத்தில் நான்கு வகை உறுப்புகள் உண்டு: டிரக்கீடுகள், சைலக் குழாய்கள், நார்கள், பாரன்கைமா செல்கள். இவற்றில் நீரைக் கடத்துபவை முதல் இரண்டும்தான். நார்கள் தாங்குவதற்கு. பாரன்கைமா மட்டுமே உயிருள்ளது. அது உணவைச் சேமிக்கிறது, காயம்பட்டால் எதிர்வினை செய்கிறது.

டிரக்கீடு என்பது இருமுனையும் கூம்பிய, பொதுவாகச் சில மில்லிமீட்டர் நீளமுள்ள, மிகக் குறுகிய ஒற்றைச் செல். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் நீரைக் கடத்துவது இதுவே. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் இதோடு சைலக் குழாய்களும் சேர்ந்துகொள்கின்றன. குட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அவற்றின் குறுக்குச் சுவர்கள் கரைந்துபோவதால் உண்டாகும் நீண்ட குழல்கள் இவை. நீளம் சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர்வரை இருக்கும், விட்டம் சுமார் 20 மைக்ரோமீட்டரிலிருந்து, கொடிகளில், 500 மைக்ரோமீட்டர்வரை போகும். விட்டம் சிறிது கூடினாலும் பலன் பெரிது. குழலின் ஆரம் இரட்டிப்பானால் அதே இழுப்புக்கு அதன் வழியே செல்லும் நீரின் அளவு 16 மடங்காகும்.

செத்த செல் என்பது குறையன்று, தேவை. வளரும்போது அந்தச் செல் தன் சுவரின் உட்புறத்தில் லிக்னின் (கட்டைக்கு உறுதி தரும் பொருள்) கலந்த தடிப்பை இட்டுக்கொள்கிறது. அந்த வேலை முடிந்ததும் தன் உட்பொருள் முழுவதையும் தானே செரித்துக்கொண்டு இறந்துவிடுகிறது. சைட்டோபிளாசமும் சவ்வும் வழியில் நின்றிருந்தால் நீர் ஒவ்வொரு செல்லிலும் தடைபட்டிருக்கும். சுவரில் லிக்னின் இல்லாமல் போயிருந்தால், உள்ளே இருக்கும் இழுவிசைக்கு அந்தக் குழல் உட்பக்கமாக நொறுங்கியிருக்கும்.

அந்தத் தடிப்பைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. தாமரையின் இலைக்காம்பை ஒடித்து, இரு துண்டுகளையும் மெதுவாக விலக்கினால், இடையில் சிலந்தி இழை போன்ற நூல்கள் நீளும். நீர்க்குழல்களின் உட்சுவரில் சுருள்கம்பியாகச் சுற்றியிருந்த தடிப்புகளே அப்படிப் பிரிந்து நீள்கின்றன. இளம் உறுப்புகளில் தடிப்பு வளையமாகவோ சுருளாகவோ இருப்பதற்குக் காரணம் உண்டு: உறுப்பு இன்னும் நீண்டு வளர வேண்டியிருக்கிறது, முழுச் சுவரும் இறுகிவிட்டால் அதோடு சேர்ந்து நீள முடியாது. மியன்மாரின் இன்லே ஏரிப் பகுதியில் இந்த இழைகளைச் சேர்த்து முறுக்கித் துணியே நெய்கிறார்கள்.

மண்ணிலுள்ள நீர் சைலத்துக்குள் எப்படிப் போகிறது?

வேர்த்தூவிகள் நீரைத் தொடுகின்றன; அங்கிருந்து, வெளித்தோலுக்கு உள்ளேயுள்ள திசுவான புறணி வழியாக, செல்சுவர்களின் இடைவெளியிலோ செல்லிலிருந்து செல்லுக்கோ நீர் உள்நோக்கி நகர்கிறது. வேரின் நடு உருளையைச் சுற்றியுள்ள அகத்தோலில் மட்டும் ஒரு தடுப்பு இருக்கிறது. அங்கே செல்சுவர்களின் இடைவெளி, நீர் புகாத காஸ்பாரியன் பட்டையால் அடைக்கப்பட்டிருப்பதால், எந்தக் கரைபொருளாயினும் குறைந்தது ஓர் உயிருள்ள சவ்வையாவது கடந்துதான் உள்ளே போக முடியும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்பது இங்கே தீர்மானிக்கப்படுகிறது. தென்னை வேர் ஊட்டத்தைப் பற்றிய விடையில் இந்தத் தடுப்பு மீண்டும் தேவைப்படும்.

நுண்புழை ஏற்றம் மட்டும் போதாதா?

போதாது. நுண்புழை ஏற்றம் என்பது, மிகக் குறுகிய குழலில் சுவரைப் பற்றிக்கொண்டு நீர் தானாக மேலேறுவது. 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு குழலில் நுண்புழை ஏற்றத்தால் நீர் ஏறக்கூடிய உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர்தான். துளசிச் செடிக்குச் சரி, புளியமரத்துக்கு ஆகாது. வளிமண்டல அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்தாலும் பயனில்லை. வெற்றிடத்தை உண்டாக்கி உறிஞ்சும் எந்தப் பம்பாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்ச முடியாது என்பது கிணற்றில் மோட்டார் வைக்கிறவர்களுக்குத் தெரிந்த செய்தி. 30 மீட்டர் உயரமுள்ள மரங்கள் சாதாரணமாக இருக்கும்போது, விளக்கம் வேறு இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் இழுப்பு சரியாக எங்கே உண்டாகிறது?

இலைக்குள், இலையிடைத் திசுச் செல்களின் ஈரச் சுவர்களில். அந்தச் சுவர் செல்லுலோஸ் இழைகளால் பின்னப்பட்டது. இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியவை. நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு துளையிலும் நீரின் மேற்பரப்பு உட்குழிந்து வளைகிறது. வளைவு கூடக் கூட, பரப்பு இழுவிசை அதன் பின்னாலுள்ள நீரை மேலும் வலுவாக இழுக்கிறது. வளைவின் ஆரம் 0.05 மைக்ரோமீட்டராக இருந்தால் இழுப்பு ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 30 மடங்கு. 0.01 மைக்ரோமீட்டராக இருந்தால் 15 மெகாபாஸ்கல். அடிமரக் குழலில் முக்கால் மீட்டருக்கு மேல் பயன்படாத அதே நுண்புழை விசை, ஆயிரம் மடங்கு குறுகிய இலைச் சுவர்த் துளையில் மரத்தையே நனைக்கப் போதுமானதாகிவிடுகிறது.

நீரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க மட்டும் 1 மெகாபாஸ்கல் வேண்டும். குழல்களில் ஏற்படும் உராய்வுக்கு அதே அளவோ அதற்கு மேலோ தேவைப்படலாம். மறுபுறம், 20 பாகை வெப்பத்தில் 50 சதவீத ஈரப்பதமுள்ள சாதாரணக் காற்றின் நீர் இயல்திறன் (எண் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு வலுவாக நீரை இழுக்கும்) சுமார் −94 மெகாபாஸ்கல். மண்ணுக்கும் காற்றுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் தாவரத்தின் சிக்கல் நீரை ஏற்றுவதன்று. ஏறுகிற நீர் அளவுக்கு மீறி வெளியேறிவிடாமல் கட்டுப்படுத்துவதே சிக்கல். இலைத்துளைகள் இருப்பது அதற்காகவே.

இழுத்தால் நீர்த்தம்பம் அறுந்துவிடாதா? இதையெல்லாம் யார், எப்படிக் கண்டறிந்தார்கள்?

இந்தக் கேள்வியே இக்கோட்பாட்டை நீண்ட காலம் ஐயத்துக்குரியதாக வைத்திருந்தது. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, இது கூட்டிணைவு. குழலின் சுவரையும் பற்றிக்கொள்கின்றன, இது ஒட்டிணைவு. காற்றுக்குமிழ் எதுவும் கலவாத நீரை ஆய்வகத்தில் 20 மெகாபாஸ்கலுக்கும் மேலான இழுவிசையில் அறுபடாமல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். மரத்துக்கு வேண்டியது அதில் சிறு பங்கே.

வரலாறு 1727இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸிடமிருந்து தொடங்குவது வழக்கம். இலை வழியாக வெளியேறும் நீரை எடைபோட்டு அளந்தவரும், வெட்டிய திராட்சைக் கொடியில் குழாயைப் பொருத்தி வேர் அழுத்தத்தை அளந்தவரும் அவரே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தண்டிலுள்ள உயிருள்ள செல்கள்தான் படிப்படியாக நீரை ஏற்றுகின்றன என்ற கருத்து வலுவாக இருந்தது. ஜெர்மனியில் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1891இல் அதைச் சோதித்தார். சுமார் 20 மீட்டர் உயர மரத்தை அடியில் அறுத்து, அறுபட்ட முனையை நச்சுக் கரைசலில் நிறுத்தினார். கரைசல் ஏறிய வழியெங்கும் உயிருள்ள செல்கள் செத்தன. ஆயினும் ஏற்றம் நிற்கவில்லை. நஞ்சு இலைகளை அடைந்து அவையும் செத்த பிறகே நின்றது. தண்டில் உயிர் தேவையில்லை, இலையில் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிவிட முடியாது.

1894–95இல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் கூட்டிணைவு–இழுவிசைக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். இந்தியாவில் ஜகதீச சந்திர போஸ் இதற்கு மாறாக, புறணியின் உள்ளடுக்குச் செல்கள் இதயம்போல் துடித்துச் சாற்றை ஏற்றுவதாக 1923இல் எழுதினார். தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் தாமாக அசைவதும் அவருடைய சிந்தனைக்கு ஒரு தூண்டுதல். நீர் செல்வது புறணியிலன்று, அதற்கும் உள்ளேயிருக்கும் சைலத்தில் என்பதாலும், ஸ்ட்ராஸ்பர்கரின் சோதனை முடிவோடு முரண்படுவதாலும் அந்த விளக்கம் நிலைக்கவில்லை. தாவரங்களின் மின்துடிப்பு குறித்து அவர் செய்த அளவீடுகளின் மதிப்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, போஸின் சாறேற்ற விளக்கத்தை இன்றைய முடிவுபோல் சில வழிகாட்டி நூல்கள் எழுதுவது சரியன்று.

நேரடி அளவீடு 1965இல்தான் எளிதானது. பெர் ஸ்கொலாண்டர் குழுவினர் பயன்படுத்திய அழுத்தக் கலத்தில், வெட்டிய சிறு கிளையை, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி அடைத்து, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வெட்டியவுடன் உள்வாங்கிக்கொண்ட சாறு எந்த அழுத்தத்தில் வெட்டுமுனைக்குத் திரும்பி மினுக்குகிறதோ, அதுவே அந்தக் கிளையில் இருந்த இழுவிசையின் அளவு. அலையாத்தி மரங்களில் அவர்கள் கண்ட இழுவிசை 3 மெகாபாஸ்கலுக்கும் மேல். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே சுமார் 2.5 மெகாபாஸ்கல் என்பதால், அதற்கும் மேலாக இழுத்தால்தான் உப்பை வெளியே விட்டு நல்ல நீரை மட்டும் எடுக்க முடியும். பிச்சாவரத்தில் உப்பு நீரில் நிற்கும் மரங்களும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல.

காலையில் நெல் நாற்றின் நுனியில் நிற்கும் துளி பனித்துளியா?

பெரும்பாலும் இல்லை. இலை நுனியில் மட்டும், ஒவ்வோர் இலையிலும் ஒரே இடத்தில், உருண்டு நின்றால் அது வேர் அழுத்தத்தால் கசிந்த நீர். பனி என்றால் இலைப்பரப்பு முழுவதும் படிந்திருக்கும். இரவில் இலைத்துளைகள் மூடி, இழுப்பு நின்றுவிட்ட பிறகும், வேர்ச் செல்கள் கனிம அயனிகளைச் சைலத்துக்குள் செலுத்திக்கொண்டே இருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் நுழைகிறது. அப்படி உண்டாகும் அழுத்தம் பொதுவாக 0.1 மெகாபாஸ்கல் அளவைத் தாண்டுவதில்லை, பகலில் மறைந்தும்விடுகிறது.

வாழையில் இதைக் கண்ணால் அளக்கலாம். குலை வெட்டிய மரத்தை அடியோடு சாய்த்து, அடிக்கட்டையின் நடுவில் கிண்ணம்போல் குடைந்து, மேலே மூடிவைத்தால், மறுநாள் காலையில் அதில் நீர் ஊறி நிற்கும். இலையே இல்லாத கட்டையில் இழுப்பதற்கு எதுவுமில்லை. அது வேர் தள்ளிய நீர்தான்.

தென்னைக்கு வேர் வழியாக டானிக் கட்டும்போது மரம் அதை எப்படிக் குடிக்கிறது?

சைலத்தில் நிலவும் இழுவிசையை விவசாயி நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை மரத்துக்கு 200 மில்லி வீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கொடுக்கிறார்கள். மண்ணைப் பறித்து, பென்சில் பருமனுள்ள உயிருள்ள வேர் ஒன்றைத் தேர்ந்து, கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, வெட்டுமுனை கரைசலில் முழுகும்படி பாலித்தீன் பையைச் செருகிக் கட்டிவிடுவார்கள். நல்ல வேராக இருந்தால் ஒரு நாளுக்குள் பை சப்பிப்போய்க் கிடக்கும்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. கத்தி மழுங்கலாக இருந்தால் குழல்களின் வாய் நசுங்கி அடைபடும். வெட்டு சாய்வாக இருந்தால் கரைசலில் படும் பரப்பு கூடும். வெட்டியதும் தாமதிக்கக் கூடாது. மேலிருந்து இழுபட்டு நிற்கும் நீர் வெட்டுமுனையிலிருந்து உள்வாங்கிக்கொள்ளும்போது, அந்த இடத்தைக் கரைசல் நிரப்ப வேண்டுமே தவிர, காற்று நிரப்பிவிடக் கூடாது. வெயில் இருக்கும் பகலில் பை விரைவாகக் காலியாவதும், மழை பிடித்து ஓலை நனைந்திருக்கும் நாளில் அப்படியே கிடப்பதும், இழுப்பது வேர் அல்ல, ஓலை என்பதற்குச் சான்று.

இன்னொன்று, விவசாயிகள் அதிகம் யோசிக்காதது. முழு வேரில் இருக்கும் அகத்தோல் தடுப்பு, வெட்டிய வேரில் இல்லை. கரைசல் எந்தச் சவ்வையும் கடக்காமல் நேரே குழலுக்குள் போகிறது. ஊட்டச்சத்து என்றால் நல்லது. அதே வழியில் பூச்சிக்கொல்லியைச் செலுத்தினால் அதுவும் தடையின்றி மரமெங்கும், காய்வரை போகும். அதனால்தான் முற்றிய காய்களைப் பறித்துவிட்டே மருந்து கட்ட வேண்டும், அடுத்த பறிப்புக்கு உரிய இடைவெளி விட வேண்டும் என்று சொல்கிறார்கள். இந்த இடைவெளியைக் கடைப்பிடிக்காமல் வெட்டும் இளநீர், குடிக்கத் தகுந்ததன்று.

உள்ளே பொந்து விழுந்த புளியமரம் தழைக்கிறது. தென்னையில் ஓர் ஆணி அடித்தாலும் வடு மாறுவதில்லை. ஏன்?

புளி, வேம்பு, தேக்கு போன்ற மரங்களில் பட்டைக்குச் சற்று உள்ளேயுள்ள கேம்பியம் ஆண்டுதோறும் புதுச் சைலத்தை உண்டாக்குகிறது. நீரைக் கடத்துவது வெளிப்புறத்திலுள்ள, வெளிறிய சாற்றுக்கட்டை மட்டுமே. நடுவிலுள்ள பழைய குழல்கள், பக்கத்துப் பாரன்கைமா செல்கள் பலூன்போல் உள்ளே புடைத்து அடைத்துவிடுவதாலும், பிசினும் நிறமிகளும் படிவதாலும், வைரக்கட்டையாகிவிடுகின்றன. தச்சருக்கு விலைமதிப்புள்ள அந்த வைரத்தில் ஒரு சொட்டு நீரும் ஏறுவதில்லை. ஆகவே பூஞ்சை அரித்து நடு முழுவதும் பொந்தானாலும், சுற்றியுள்ள சாற்றுக்கட்டை நன்றாக இருக்கும்வரை மரம் பிழைத்திருக்கும். காற்றுக்கு ஒடியும் ஆபத்து வேறு.

தென்னையிலும் பனையிலும் கேம்பியம் இல்லை. நீர்க்குழல்கள் சிறு சிறு கற்றைகளாகத் தண்டு முழுவதும் சிதறி, வெளிவிளிம்பில் நெருங்கி இருக்கின்றன. புதுக் குழல்கள் பிறப்பதே இல்லை. ஒரு தென்னையின் அடியில், அது கன்றாக இருந்தபோது உருவான குழல்கள்தான் அதன் ஆயுள் முழுவதும் நீரைக் கடத்த வேண்டும். பட்ட காயத்தை மூடிப் புதுக்கட்டை வளராததும் இதனாலேயே. வெளிப்புறம் வைரமாக உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரமாக உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்திருப்பது, உள்கட்டமைப்பை அறுத்துப் பார்த்தவர்களின் வகைப்பாடு. இன்றைய தாவரவியலும் பனை, தென்னையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைத்திருக்கிறது.

பட்டையை வளையமாக உரித்தால் இலை உடனே வாடுவதில்லையே?

வாடாது; நீர் செல்வது கட்டையில், பட்டையில் அல்ல. பட்டையோடு போவது ஃபுளோயம், அதாவது இலையில் தயாரான சர்க்கரையைக் கீழே கொண்டுவரும் திசு. கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும்போது பட்டை வளையத்தை எடுத்த பிறகும் கிளை பசுமையாக இருப்பதும், தடைபட்ட சர்க்கரை வளையத்துக்கு மேலே தேங்கி அங்கே வேர்விட உதவுவதும் இதனால்தான். அடிமரத்தையே சுற்றி உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மரம் சாகும்.

பதநீரும் கள்ளும் ஃபுளோயச் சாறு. அதனால்தான் அவ்வளவு இனிப்பு. வட அமெரிக்காவின் மேப்பிள் சாறு மட்டும், குளிர்கால இறுதியில் சைலத்திலிருந்து வடிவது. அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதமே உள்ளதால் ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சுகிறார்கள்.

வறட்சியில் சைலத்துக்கு என்ன ஆகிறது? செடிகள் அழுகின்றன என்ற செய்தி உண்மையா?

மண் காயக் காய இழுவிசை ஏறுகிறது. ஒரு கட்டத்தில், பக்கத்திலுள்ள காற்று நிரம்பிய குழலிலிருந்து, அடுத்தடுத்த குழல்களை இணைக்கும் சுவர்க்குழியின் நுண்துளை வழியாக ஒரு துளிக் காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே வந்துவிடும். இழுபட்டு நின்ற நீர் அங்கே சட்டென அறுந்து, குமிழ் விரிந்து, அந்தக் குழல் முழுவதும் பயனற்றுப்போகும். இதனால் மற்றக் குழல்கள் மேல் சுமை கூடுகிறது, அவற்றிலும் குமிழ் நுழைய வாய்ப்புக் கூடுகிறது. அகன்ற குழல்கள் நீரைத் தாராளமாகக் கடத்தினாலும், அறுந்தால் இழப்பும் பெரிது. ஊசியிலை மரங்களின் சுவர்க்குழியில் நடுவே தடித்த ஒரு வட்டு உண்டு. ஒருபக்கம் காற்று புகுந்தால் அது வால்வுபோல் மறுபக்கத் துளையை அடைத்துக்கொள்ளும். சிறு செடிகளிலும் புல் வகைகளிலும் இரவு நேர வேர் அழுத்தம் குமிழைக் கரைத்து மீண்டும் நிரப்பிவிடக்கூடும். பெரிய மரங்கள் பெரும்பாலும் புதுக் கட்டையை வளர்த்தே ஈடுசெய்கின்றன.

உலகின் 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 70 சதவீதம் ஆபத்தான இழுவிசைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்று காட்டியது. மழைக்காட்டு மரமும் இதில் விலக்கல்ல. நிறைய மழை பெறும் மரம் அதற்கேற்ற அகன்ற, எளிதில் அறுபடும் குழல்களோடு இருக்கிறது. மழை வழக்கத்தைவிடக் குறைந்தால் அதுவும் பாலை மரத்தைப் போலவே தவிக்கும்.

குழல் அறும்போது ஒலி எழுகிறது என்பது 1960களிலிருந்தே தெரியும். 2023இல் டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு, நீர் ஊற்றாத தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 முறை, 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலி எழுப்புவதை மைக்கில் பதிவு செய்தது. நம் காதுக்கு எட்டாத ஒலி அது. குமிழ் உருவாவதே காரணமாக இருக்கலாம் என்று அவர்களே கருதுகிறார்கள். அழுகை என்பது செய்தித்தாள்கள் வைத்த பெயர்.

நீர் ஊற்றியும் செடி வாடினால்?

குழல் அடைபட்டிருக்கலாம். தக்காளியிலும் கத்தரியிலும் இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே திடீரெனத் துவண்டால், ரால்ஸ்டோனியா பாக்டீரியா வாடலைச் சந்தேகிக்க வேண்டும். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் தொடும்படி பிடித்தால், சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிழை கீழே இறங்கும். சைலத்தில் பெருகிக் கிடக்கும் பாக்டீரியாக் கூழ் அது. ரஸ்தாளி வாழையை அழிக்கும் ஃபியூசேரியம் வாடலில் இப்படி இழை இறங்காது. கிழங்கை வெட்டினால் நீர்க்கற்றைகள் செம்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். பூஞ்சையின் இழைகளும், அதைத் தடுக்கச் செடியே உண்டாக்கும் பிசினும் புடைப்புகளும் சேர்ந்து பாதையை அடைத்துவிடுகின்றன. இரண்டிலுமே மேலும் நீர் ஊற்றுவது பயன் தராது, நோயை அடுத்த செடிக்குப் பரப்பும்.

ஒரு மரம் எவ்வளவு உயரம் வளர முடியும்?

இன்றுள்ளவற்றில் மிக உயரமானது கலிஃபோர்னியாவில் 2006இல் கண்டறியப்பட்ட, ஹைப்பீரியன் என்று பெயரிடப்பட்ட ரெட்வுட் மரம் (நம்மூர்ச் செம்மரம் அன்று). சுமார் 116 மீட்டர். அத்தகைய மரங்களின் உச்சியில் இழுவிசை 2 மெகாபாஸ்கலை நெருங்குவதையும், அங்குள்ள இலைகள் விரிய முடியாமல் சிறுத்துத் தடித்துப் போவதையும் அளந்து, 122 முதல் 130 மீட்டர்தான் உச்சவரம்பு என்று 2004இல் கணக்கிட்டார்கள்.

எடுத்த நீரில் பெரும்பகுதியை ஆவியாக விடுவது வீண்செலவு இல்லையா?

வேர் எடுக்கும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் வெளியேறிவிடுகிறது என்பது உண்மை. இலைத்துளை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். திறந்தால் நீராவி வெளியே போகும். நெல் போன்ற பயிர்களில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 400 நீர் மூலக்கூறுகள் செலவாகின்றன, மக்காச்சோளத்தில் சுமார் 150, இரவில் மட்டும் துளை திறக்கும் கள்ளியில் சுமார் 50. கனிமங்கள் மேலேறுவதும் இலை குளிர்வதும் இந்த ஓட்டத்தின் உடன்பயன்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஏதேனும் சோதனை உண்டா?

காசித்தும்பைச் செடி இதற்கு ஏற்றது; அதன் தண்டு ஒளி ஊடுருவும். மண்ணோடு எடுத்து வேரை அலசி, தண்டின் அடியை ஒரு கிண்ணத்து நீருக்குள்ளேயே வைத்து வெட்டுங்கள். வெளியே வெட்டினால் குழல்களில் காற்று புகுந்து ஓட்டம் மந்தமாகும். கடையில் வாங்கிய ரோஜாவின் காம்பையும் நீருக்குள் வைத்து மறுபடி வெட்டச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான். பிறகு சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி, காற்றோட்டமுள்ள, வெளிச்சமான ஜன்னலருகே வையுங்கள். தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறுவது சிறிது நேரத்தில் வெளியிலிருந்தே தெரியும். இன்னொரு செடியை அதேபோல் வெட்டி, மேலே பாலித்தீன் பையால் மூடி வையுங்கள். பைக்குள் காற்று ஈரத்தால் நிறைந்ததும் அதில் கோடு ஏறும் வேகம் குறைந்துவிடும். இரண்டு தண்டுகளிலும் கோட்டின் உயரத்தை அரை மணிக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால், ஒரே வகைச் செடியில் காற்றின் வறட்சி மட்டும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். கடைசியில் தண்டைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சிவப்பு, தண்டு முழுவதும் பரவாமல், வட்டமாக அமைந்த சில புள்ளிகளில் மட்டும் நிற்கும்.